எம்எல்எஸ் எக்ஸ்ஜி, ஜி பிளஸ் எல்லாம் எந்த அளவுக்கு நம்பலாம்?

கார்னர்கொடி

பழைய அட்டவணைகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 2024 எம்எல்எஸ்-இல் (அமெரிக்கா, கனடாவின் கால்பந்து லீக்) இண்டர் மயாமி 34 ஆட்டத்தில் 74 புள்ளி. எம்எல்எஸ் வரலாற்றிலேயே அதுதான் அதிகம், 2021-இல் நியூ இங்கிலாந்து எடுத்த 73-ஐத் தாண்டியது. பிளேஆஃப் முதல் சுற்றில் எதிரே வந்தது அட்லாண்டா யுனைடெட். 40 புள்ளி, கிழக்குப் பிரிவில் 9-வது இடம், அதுவும் மாண்ட்ரியாலைப் பெனால்டியில் தாண்டித்தான் உள்ளேயே வந்தது. மூன்று ஆட்டத் தொடரில் மயாமி முதலாவதை ஜெயித்துவிட்டு அடுத்த இரண்டையும் கோட்டை விட்டது. கடைசி ஆட்டத்தை இங்கே பலர் பார்த்திருப்பீர்கள். மத்தியாஸ் ரோஹாஸ் அடித்து மயாமி முன்னால் போன கொஞ்ச நேரத்திலேயே ஜமால் தியாரே அடுத்தடுத்து இரண்டு போட்டார், மெஸ்ஸி தலையால் முட்டி 2-2 ஆக்கினார், அப்புறம் ஸ்லிஷ் தலையால் முட்டி முடித்துவிட்டார்.

கேள்வி இதுதான். மயாமி தன் எக்ஸ்ஜி-யைவிட (வாய்ப்புகளின் தரத்தை வைத்து எதிர்பார்க்கிற கோல் கணக்கு) ரொம்ப மேலே ஓடுகிறது, இந்த 74 நிஜமான 74 இல்லை என்று சீசன் ஓடும்போதே சொன்னவர்கள் இருந்தார்கள். அவர்கள் ஏதோ பார்த்துத்தான் சொன்னார்களா? அல்லது எல்லா சீசனிலும் எல்லா அணியைப் பற்றியும் யாராவது ஏதாவது சொல்லிவைக்கிறார்கள், பலித்ததை மட்டும் நாம் நினைவு வைத்துக்கொள்கிறோமா?

பெஞ்ச்சில்_இருப்பவன்

இரண்டாவதுதான். மூன்று ஆட்டத்தை வைத்து யாரும் எதையும் நிரூபிக்க முடியாது. கோல்கீப்பர் பிராட் கூஸான் அந்தத் தொடரில் எப்படி ஆடினார் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும், நாற்பது வயதில் அந்த மனுஷன் எல்லாவற்றையும் தடுத்தார். அவர் தடுத்ததை எந்த அட்டவணை சீசன் நடுவில் சொன்னது? கண்ணால் ஆட்டம் பார்த்தாலே போதும். மயாமியின் பின்வரிசை மெதுவானது, பந்து போனால் திரும்பி ஓட ஆளில்லை. அதற்கு மாடல் எதற்கு?

ஆஃப்சைடு_ஆனந்தி

இரண்டு பேருக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன், நீளமாகப் போகும்.

மயாமி விஷயத்தில் எக்ஸ்ஜி-க்குப் போவதற்கு முன்னால் சாதாரண கோல் வித்தியாசத்தையே பாருங்கள். மயாமி 79 அடித்து 49 வாங்கியது, கூட்டல் 30. அதே சீசனில் கொலம்பஸ் 72 அடித்து 40 வாங்கியது, கூட்டல் 32. அதாவது எட்டு புள்ளி பின்னால் முடித்த அணிதான் கோல் கணக்கில் முன்னால் இருந்தது. மயாமி நிறைய ஆட்டங்களை ஒரே ஒரு கோலில் ஜெயித்தது. ஒரு கோல் வெற்றிகளை வருஷா வருஷம் அதே விகிதத்தில் குவிக்கிற அணி என்று ஒன்று அநேகமாகக் கிடையாது, இது கால்பந்தில் மட்டுமல்ல, எண்ணிப் பார்த்த எல்லா விளையாட்டிலும் அப்படித்தான். (அந்தக் கொலம்பஸும் முதல் சுற்றிலேயே நியூயார்க் ரெட்புல்ஸிடம் வெளியே போனது என்பதை பெஞ்ச் அண்ணா சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். மூன்று ஆட்டத் தொடர் எதையும் நிரூபிக்காது என்பதில் எனக்கும் அவருக்கும் சண்டையே இல்லை.)

ஆனால் எக்ஸ்ஜி-க்கு மேல் அடித்தால் அது அதிர்ஷ்டம் என்று முடித்துவிடுவதும் சோம்பேறித்தனம். மெஸ்ஸி 19 ஆட்டத்தில் 20 கோல், 16 அசிஸ்ட். சுவாரஸ் 20 கோல். சராசரி ஆட்டக்காரன் அந்த இடத்திலிருந்து அடித்தால் எத்தனை போகும் என்பதுதான் எக்ஸ்ஜி. மெஸ்ஸி சராசரி ஆட்டக்காரர் இல்லை. அதனால் மயாமியின் முன்வரிசைக்கு அந்த இடைவெளியில் கணிசமான பங்கு நிஜமானது, என் கணிப்பில் பாதிக்கு மேல். பிரச்சினை பின்வரிசையில் இருந்தது. 49 கோல் வாங்கியதற்கு அதிர்ஷ்டம் காரணமில்லை, எதிரணிக்கு அவர்கள் விட்டுக்கொடுத்த வாய்ப்புகள் அந்த அளவுக்கு நல்லவை. இதை பெஞ்ச் அண்ணா கண்ணால் பார்த்தார், சரி, 29 அணிக்கும் அப்படிக் கண்ணால் பார்த்தாரா என்பதுதான் என் கேள்வி. வாரத்துக்கு பதினான்கு ஆட்டம் நடந்தது.

அப்புறம் இந்த லீக்கில் புள்ளி அட்டவணையே கொஞ்சம் வளைந்தது. 2025-இல் 30 அணி ஆனபின் சொந்தக் கான்ஃபரன்ஸில் (கிழக்கு, மேற்கு என்று இரண்டு பிரிவு) இருக்கிற 14 பேரோடு இரண்டு முறை, எதிர்ப் பக்கத்தில் ஆறு பேரோடு மட்டும் ஒரு முறை. மொத்தம் 34. சியாட்டிலும் பிலடெல்பியாவும் ஒரே லீக் என்று பெயர்தான், ஆடுகிற எதிரிகள் பெரும்பாலும் வேறு வேறு. பிரீமியர் லீக்கில் எல்லோரும் எல்லோரோடும் இரண்டு முறை ஆடி வருகிற அட்டவணையை நம்புவது போல இதை நம்ப முடியாது. அதனால்தான் இங்கே இந்த மாதிரி கணக்குகளுக்குத் தேவை அதிகம் என்கிறேன்.

கார்னர்கொடி

ஆனந்தி அக்கா, ஜி பிளஸ்ஸையும் ஒருதடவை விளக்குங்களேன். எக்ஸ்ஜி புரிகிறது. ஜி பிளஸ் என்று ஒரு எண் வருகிறது, ஒரு இடது பின்வரிசை ஆட்டக்காரர் மேலே இருக்கிறார், அவர் ஒரு கோலும் போடவில்லை, அசிஸ்டும் இல்லை. எப்படி?

ஆஃப்சைடு_ஆனந்தி

அதற்காகத்தான் அது உருவானது. அமெரிக்கன் சாக்கர் அனாலிசிஸ் என்கிற தளத்து ஆட்கள் 2020-இல் வெளியிட்டார்கள்.

பந்தை யாராவது தொட்ட ஒவ்வொரு முறையும் தரவில் ஒரு வரி விழுகிறது. யார், எந்த நிமிடம், மைதானத்தில் எந்த இடம், என்ன செய்தார், பந்து எங்கே போய் நின்றது. அந்த ஒவ்வொரு வரிக்கும் முன்னாலும் பின்னாலும் மாடல் இரண்டு விஷயத்தை மதிப்பிடுகிறது. பந்து நம்மிடம் இருக்கும் இந்த முறையில் நாம் கோல் அடிக்க எவ்வளவு வாய்ப்பு, பந்து அவர்களிடம் போனால் அடுத்த முறையில் அவர்கள் நம்மேல் அடிக்க எவ்வளவு வாய்ப்பு. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் அந்தக் கணத்தின் மதிப்பு. உங்கள் தொடுகையால் அந்த மதிப்பு எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது, அதுதான் உங்கள் கணக்கில் சேரும்.

உங்கள் இடது பின்வரிசைக்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். தன் பாதியில், கோட்டோரம், இரண்டு பேர் நெருக்குகிறார்கள். திருப்பி கோல்கீப்பருக்கே தள்ளிவிட்டால் மதிப்பு அநேகமாக மாறாது, அல்லது லேசாகக் குறையும். அவர் அந்த இரண்டு பேருக்கும் நடுவால் உள்ளே இருக்கிற மிட்ஃபீல்டரின் காலுக்குக் கொடுத்தால், எதிரணியில் நான்கு ஐந்து பேர் பந்துக்குப் பின்னால் மாட்டிக்கொள்கிறார்கள். அதற்குப் பின்னால் ஆறு பாஸ் போய்த்தான் ஷாட் வரும், அசிஸ்ட் வேறு யாருக்கோ. ஆனால் கதவைத் திறந்தவர் இவர்தான். அந்தப் புள்ளி இவருக்கும், ஓரளவு பந்தை வாங்கிய மிட்ஃபீல்டருக்கும் பிரியும். ஏனென்றால் சரியான இடத்தில் போய் நின்று வாங்குவதும் ஒரு வேலை. பாஸ், பந்து வாங்குவது, டிரிப்ளிங் (பந்தோடு ஓடுவது), ஷாட், எதிரணியின் ஆட்டத்தை இடைமறிப்பது, ஃபவுல் என்று ஆறாகப் பிரித்துக் காட்டுகிறார்கள். ஒரே நிலையில் ஆடுகிறவர்களின் சராசரியோடு ஒப்பிட்டும் பார்க்கலாம்.

கோல் உள்ளே போனதா என்பதை அது பெரிதாகக் கண்டுகொள்வதில்லை, ஷாட் எவ்வளவு நல்ல ஷாட் என்றுதான் பார்க்கிறது. அதனால் மெஸ்ஸி மாதிரி முடித்துவைப்பவர்களை ஜி பிளஸ் கொஞ்சம் குறைத்தே சொல்லும். அட்டவணையைப் பார்க்கும்போது இதை மறந்துவிடக் கூடாது.

ஸ்காபரோ_ராசன்

வணக்கம் எல்லாருக்கும். நான் ரொறன்ரோ எஃப்சி ஆள், அதால கவலையோடதான் எழுதுறன்.

எங்கட கழகத்தைப் போல இந்த விவாதத்துக்கு உதாரணம் கிடையாது. 2022-இல் இன்சின்யேயையும் பெர்னார்டெஸ்கியையும் இத்தாலியிலிருந்து கொண்டுவந்தார்கள், ஊரே திருவிழா. 2023-இல் 22 புள்ளியோடு முழு லீக்கிலும் கடைசி. 2024 சம்பளப் பட்டியலில் மெஸ்ஸிக்கு அடுத்த பெயர் இன்சின்யே, 1 கோடியே 54 லட்சம் டொலர். மெஸ்ஸிக்கு 2 கோடியே 4 லட்சம். 2025 நடுவில் இரண்டு இத்தாலியர்களையும் ஒப்பந்தம் முறித்து அனுப்பியாகிவிட்டது.

இதில நான் சொல்ல வருவது என்னவென்றால், அந்தச் சம்பளப் பட்டியலை லீக் வெளியிடுவதில்லை. ஆட்டக்காரர் சங்கம்தான் வெளியிடுகிறது. 2007-இலிருந்து அதுதான் நடைமுறை. அது இல்லாவிட்டால் உந்த ஜி பிளஸ்ஸை வைத்து என்ன செய்வது? ஒரு ஆட்டக்காரர் சராசரிக்குக் கொஞ்சம் மேலே என்று எண் சொல்லும். அவருக்கு வருசம் ஒன்றரைக் கோடி கொடுக்கிறோமா, ஒரு லட்சம் கொடுக்கிறோமா என்று தெரிந்தால்தானே அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று விளங்கும். 2025-இல் சீனியர் ஆட்டக்காரனுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 104,000 டொலர். அந்தச் சம்பளத்தில் ஓடுகிற பெடியன் ஒருவன் சராசரியாக ஆடினாலே கழகத்துக்குப் புதையல். சம்பள உச்சவரம்பு இருக்கிற லீக்கில் யார் நல்ல ஆட்டக்காரன் என்பதைவிட யார் காசுக்கு நல்ல ஆட்டக்காரன் என்பதுதான் முழுக் கதையும்.

ஆனந்தி அக்காவிடம் ஒரு கேள்வி. பந்தைத் தொடாமல் நின்று எதிரியின் பாதையை அடைக்கிற சென்ரர் பக்குக்கு உந்தக் கணக்கில் என்ன கிடைக்கும்?

ஆஃப்சைடு_ஆனந்தி

ராசன் அண்ணா, ஒன்றும் கிடைக்காது. அதுதான் இதன் பெரிய ஓட்டை. பொதுவில் கிடைப்பது பந்தோடு நடக்கிற சம்பவங்களின் தரவு மட்டும். 22 பேரும் ஒவ்வொரு நொடியும் எங்கே நிற்கிறார்கள் என்கிற டிராக்கிங் தரவு லீக்கிடமும் கிளப்புகளிடமும் இருக்கிறது, நமக்கு வராது. நல்ல டிஃபென்டர் சரியான இடத்தில் நின்றால் எதிரணி அந்தப் பக்கம் பாஸே போடாது, போடாத பாஸுக்கு வரி விழாது. அதனால் சென்டர் பேக் ஒப்பீட்டுக்கு ஜி பிளஸ்ஸை மட்டும் வைத்து யாராவது சண்டைக்கு வந்தால் கதவைச் சாத்திவிடுங்கள்.

பெஞ்ச்சில்_இருப்பவன்

இதைத்தான் நான் முதலிலிருந்தே சொல்கிறேன், ஆனந்தி இப்போது நாகரிகமாகச் சொல்கிறார்.

இன்னொன்று. அந்த அமெரிக்கன் சாக்கர் அனாலிசிஸ் தளம் ஓய்வு நேரத்தில் ஆட்கள் நடத்துவது. 2013-இல் வலைப்பதிவு மாதிரி ஆரம்பித்தார்கள், பெரும்பாலும் சம்பளம் இல்லாத வேலை. கிளப்புகள் காசு கொடுத்து வாங்குகிற கணக்கு ஒரு பக்கம், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு லேப்டாப்பில் போடுகிற கணக்கு ஒரு பக்கம். நான் எதற்கு இரண்டாவதை நம்ப வேண்டும்?

ஆஃப்சைடு_ஆனந்தி

ஏனென்றால் முதலாவதை நீங்கள் பார்க்கவே முடியாது! கிளப்புக்குள் என்ன மாடல் ஓடுகிறது, அதில் என்ன தப்பு என்று வெளியே யாருக்குத் தெரியும்? இவர்கள் எப்படிக் கணக்குப் போடுகிறோம் என்று பக்கம் பக்கமாக எழுதிவைத்திருக்கிறார்கள். தரவை நேராக இழுத்துக்கொள்ள ஆர், பைத்தான் என்கிற கணினி மொழிகளுக்கு ஒரு பேக்கேஜ் கொடுத்திருக்கிறார்கள், பெயர் இட்ஸ்கால்ட்சாக்கர். எம்எல்எஸ் மட்டுமில்லை, பெண்கள் லீக்கான என்டபிள்யூஎஸ்எல், கீழ்நிலையில் யுஎஸ்எல் வரைக்கும் அதில் இருக்கிறது. யுஎஸ்எல்-இல் ஆடுகிற ஒரு பையனுக்கு ஆங்கிலேயப் பத்திரிகையோ பெரிய தரவு நிறுவனமோ நேரம் ஒதுக்காது. அந்தத் தளத்தில் எழுதிய சிலர் பிறகு கிளப்புகளிலேயே வேலைக்குப் போனார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு போட்ட கணக்குதான் அவர்களுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது.

எனக்கு இருக்கிற கவலை வேறு. மூலத்தரவு இவர்களுடையது இல்லை. ஆட்டத்தைப் பார்த்து வரி வரியாகக் குறிப்பது தரவு நிறுவனங்கள். அனுமதி இருக்கிறவரைக்கும்தான் எல்லாம். எஃப்பிரெஃப் என்கிற புள்ளிவிவரத் தளத்துக்கு என்ன ஆனது பார்த்தீர்களா? 2022-இல் ஸ்டாட்ஸ்பாம்ப் என்கிற தரவு நிறுவனத்தை விட்டு இன்னொரு நிறுவனமான ஆப்டாவுக்கு மாறினார்கள், 2026 ஜனவரியில் ஆப்டா அனுமதி போய், விரிவான புள்ளிவிவரங்கள் எல்லாம் பக்கத்திலிருந்து இறங்கிவிட்டன. எத்தனை பேருடைய கட்டுரை, எத்தனை பேருடைய கல்லூரி ப்ராஜெக்ட் அந்தப் பக்கத்தை நம்பி இருந்தது! எண் சரியா தப்பா என்று நாம் இங்கே அடித்துக்கொள்கிறோம், நாளைக்கு எண்ணே இருக்குமா என்பதுதான் எனக்குத் தூக்கம் வராத விஷயம்.

இடது_பின்

இதுவரை வாசித்துவிட்டு எழுதுகிறேன். நான் முக்கியமாக என்டபிள்யூஎஸ்எல் பார்ப்பவள்.

நம்பகம் என்று பேச ஆரம்பித்தால் எக்ஸ்ஜி-யோடு நிறுத்த முடியாது. 2021 செப்டம்பர் கடைசியில் விளையாட்டுச் செய்தித் தளமான தி அத்லெட்டிக்கில் மெக் லினெஹன் எழுதிய செய்தி வந்தது. ஆட்டக்காரர்களான சினேட் ஃபாரெல்லியும் மானா ஷிம்மும் பெயர் சொல்லி, பயிற்சியாளர் பால் ரைலி மீதான பாலியல் வற்புறுத்தல் குற்றச்சாட்டுகளை வெளியே கொண்டுவந்தார்கள். அவர் மறுத்தார். ஆனால் அன்றே அவருடைய அணியான நார்த் கரோலினா கரேஜ் அவரை நீக்கியது, மறுநாளே லீக் கமிஷனர் லிசா பெயர்ட் விலகினார், அந்த வார இறுதி ஆட்டங்கள் நிறுத்தப்பட்டன. அடுத்த வருஷம் அக்டோபரில் சாலி யேட்ஸ் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை வந்தபோது, தவறான நடத்தை லீக்கில் வேரோடிப் போயிருந்தது என்று தெரிந்தது. 2015-லேயே புகார் போயிருந்தது, அந்தப் பயிற்சியாளர் ஒரு கிளப்பை விட்டு இன்னொரு கிளப்புக்குப் போய் கோப்பையும் ஜெயித்தார். அந்த வருஷங்களில் அவருடைய அணியின் எண்கள் பிரமாதமாக இருந்தன. யாரும் அதைக் குற்றம் சொல்ல முடியாது, எண்ணுக்கு அது தெரியாது. பல வருஷம் ஆட்டக்காரர்களோடு பேசி, அவர்கள் நம்பி வாய் திறக்கிற அளவுக்குக் கூடவே இருந்த ஒரு நிருபருக்குத்தான் தெரியும். அந்த மாதிரி ஆள் லீக்கின் சம்பளப் பட்டியலில் இருந்திருந்தால் இந்தச் செய்தி வந்திருக்குமா?

மாடரேட்டர்

இந்த விஷயத்தில் பெயர்கள், விவரங்கள் எழுதும்போது வெளிவந்த செய்தி, விசாரணை அறிக்கை அளவோடு நிறுத்திக்கொள்ளவும். தொடருங்கள்.

ஸ்காபரோ_ராசன்

தங்கச்சி சொன்னது சரி. ஆண்கள் லீக்கில் அந்த அளவு கொடுமை இல்லாவிட்டாலும் காசு விஷயத்தில் இதே கதை இருக்கு. மட்டுய்டி விவகாரம் ஞாபகமா? பிரான்ஸுக்காக உலகக் கிண்ணம் வென்ற பிளேஸ் மட்டுய்டி 2020-இல் மயாமிக்கு வந்தார். ஒரு கழகத்துக்கு டெசிக்னேட்டட் பிளேயர், அதாவது உச்சவரம்பைத் தாண்டிச் சம்பளம் கொடுக்கக்கூடிய ஆட்டக்காரர், மூன்று பேர்தான். மயாமியிடம் ஏற்கனவே ஆட்கள் இருக்க, இவர் அந்த வகையில் இல்லை, குறைந்த சம்பளம் என்று சொன்னார்கள். யூவெண்டஸில் ஆடிய மனுசன் அந்தக் காசுக்கா வந்தார் என்று வெளியில் பலர் அப்பவே கேட்டார்கள். 2021 மே மாதம் லீக்கின் தீர்ப்பு: மட்டுய்டியும் ஆந்த்ரேஸ் ரேயஸும் உண்மையில் டெசிக்னேட்டட் பிளேயராகவே பதிவாகி இருக்கவேண்டும், வேறு மூன்று பேரின் சம்பளமும் குறைத்துக் காட்டப்பட்டது. கழகத்துக்கு 20 லட்சம் டொலர் தண்டம், உரிமையாளர் ஹோர்ஹே மாஸுக்குத் தனியாக இரண்டரை லட்சம், 2022-இலும் 2023-இலும் ஒதுக்கீட்டுப் பணத்தில் (உச்சவரம்புக்கு மேல் செலவழிக்க லீக் தருகிற காசு) 22 லட்சத்துக்கு மேல் வெட்டு.

இது ஒற்றை நிறுவனமாக நடக்கிற லீக். ஆட்டக்காரரின் ஒப்பந்தம் கழகத்தோடு இல்லை, லீக்கோடு. விதியை எழுதுவதும் லீக், காசு கொடுப்பதும் லீக், பிடிப்பதும் லீக். முந்தி ஆட்டக்காரரை மாற்றும்போது எவ்வளவு ஒதுக்கீட்டுப் பணம் கைமாறியது என்றே சொல்லமாட்டார்கள், "வெளியிடப்படாத தொகை" என்று அறிவிப்பில் போட்டுவிடுவார்கள். பார்வையாளனுக்கு எதற்கு விபரம் என்ற எண்ணம்தான். இந்த விதிகளைத் தலையைப் பிய்த்துக்கொண்டு படித்து விளக்கிய ஆட்கள் முக்கால்வாசி வெளியாட்கள்.

கார்னர்கொடி

அந்த வெளியாட்கள்தானே குறைந்துகொண்டே போகிறார்கள். 2023 ஜனவரியில் ஊடக நிறுவனமான வாக்ஸ் மீடியா தன் எஸ்பி நேஷன் விளையாட்டு வலையில் இருந்த எம்எல்எஸ் அணித் தளங்களில் பெரும்பாலானவற்றைக் கைகழுவியது. ஒரே நாளில். பயிற்சி மைதானத்துக்குப் போய் நிற்கிற ஒரே ஆள் அந்தத் தளத்துக்காரர்தான் என்கிற ஊர்கள் இருந்தன.

சியாட்டிலில் சவுண்டர் அட் ஹார்ட் தனியாக எழுந்து நின்றது, வாசகர் சந்தாவில் ஓடுகிறது. கொலம்பஸில் மாஸிவ் ரிப்போர்ட்டும் தனியாகத் தொடர்ந்தது. கொலம்பஸ்காரர்களுக்கு இதன் அருமை தெரியும். 2017 அக்டோபரில் உரிமையாளர் அணியை ஆஸ்டினுக்குக் கொண்டுபோகப் பார்க்கிறார் என்று நிருபர் கிராண்ட் வால் செய்தி போட்டார், அதிலிருந்துதான் ஊர் தெருவில் இறங்கியது. ஊர் ஜெயித்தது, அணி அங்கேயே இருக்கிறது, 2020-லும் 2023-லும் கோப்பை அடித்தது. அந்தக் கிராண்ட் வாலே பிறகு பத்திரிகையிலிருந்து நீக்கப்பட்டு, 2021-இல் தனியாகச் சந்தா முறையில் எழுத ஆரம்பித்து, கத்தார் உலகக்கோப்பையில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோதே 2022 டிசம்பரில் இறந்துபோனார்.

ஒளிபரப்புக்கு ஆப்பிள் வந்தபிறகு இன்னொரு மாற்றம். 2023-இலிருந்து ஒளிபரப்பு எல்லாம் ஒரே இடத்தில். பார்ப்பதற்கு வசதிதான், நானே அனுபவிக்கிறேன், பழைய காலத்தில் ஒவ்வொரு ஊர் சேனலாகத் தேடி அலைந்ததெல்லாம் போச்சு. ஆனால் தயாரிப்பு லீக்கின் கையில், வர்ணனையாளர்கள் லீக் அமர்த்தியவர்கள். அந்தந்த ஊர் அணியைப் பல வருஷம் பின்தொடர்ந்த உள்ளூர் டிவி வர்ணனையாளர்கள் பலருக்கு வேலை போனது. இப்போது வருகிறவர் இன்றைக்கு டாலஸ், அடுத்த வாரம் போர்ட்லாண்ட். நல்லவராக இருக்கலாம், திறமைசாலியாக இருக்கலாம், அந்த அணியின் இரண்டாவது கோல்கீப்பர் ஏன் மூன்று வாரமாகப் பெஞ்ச்சில் இல்லை என்று அவருக்குத் தெரியாது.

பெஞ்ச்சில்_இருப்பவன்

இப்போது இழை வேறு பக்கம் போய்விட்டது, ஆனால் இந்தப் பக்கம் எனக்குப் பிடிக்கிறது. சவுண்டர் அட் ஹார்ட்டுக்கு நான் காசு கட்டுகிறேன். எக்ஸ்ஜி-க்குக் கட்டமாட்டேன். ஆளை நம்பலாம், கணக்கு போடுகிற மாடலை நம்ப எனக்கு மனசு வரவில்லை. அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தனியாக எழுதுகிறவர் எல்லாம் உத்தமர் என்கிற மாதிரிப் பேச வேண்டாம். சந்தாவில் ஓடுகிற அணித் தளத்துக்கு அதன் வாசகர் யார்? அந்த அணி ரசிகன். அணியைத் தொடர்ந்து திட்டினால் சந்தா நிற்கும், அனுமதி அட்டை கிளப் கையில். லீக்கின் பிடி ஒரு விதம், ரசிகனின் பிடி ஒரு விதம்.

ஆஃப்சைடு_ஆனந்தி

கடைசிப் பத்தி நல்ல பாயின்ட். அங்கேதான் எண்ணுக்கு ஒரு வேலை இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். உள்ளூர் எழுத்தாளருக்கு அணி மேல் பாசம் இருக்கும், ஜி பிளஸ்ஸுக்கு இல்லை. அதே மாதிரி எண் என்ன நடந்தது என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. இன்சின்யே எத்தனை ஆட்டத்தில் காயம், எத்தனை ஆட்டத்தில் பயிற்சியாளரோடு ஒத்துவரவில்லை, யாருக்குப் பின்னால் ஓட மனசில்லை, இதெல்லாம் டொராண்டோவில் நிற்கிற ஆள் சொல்லித்தான் நமக்குத் தெரிந்தது. பேக்ஹீல்ட் மாதிரி சிறிய தளங்கள் இரண்டையும் சேர்த்து எழுதுகின்றன, 2022-இல் ஆரம்பித்தது, எனக்கு அந்த மாதிரிதான் பிடிக்கும்.

பெஞ்ச் அண்ணா காசு கட்டுவது நல்ல காரியம். ஆனால் மாடல் போடுகிறவர்களும் ஆட்கள்தான்.

இடது_பின்

நடைமுறை உதவி ஒன்று. அந்தப் பேக்கேஜை வைத்து சொந்த மைதானச் சாதகத்தைப் பார்க்க ஆசை. எம்எல்எஸ்-இல் அது ஐரோப்பாவைவிட அதிகம் என்று எப்போதும் சொல்கிறார்கள். பயண தூரமா, வெயிலா, செயற்கைப் புல்லா என்று பிரித்துப் பார்க்க முடியுமா?

ஆஃப்சைடு_ஆனந்தி

முடியும், ஆனால் பொறுமை வேண்டும். எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கிறது. வான்கூவரிலிருந்து மயாமிக்கு 4,500 கிலோமீட்டர், அப்படிப் போகிறவர் நேர வித்தியாசத்தையும் ஈரக்காற்றையும் சேர்த்தே சந்திக்கிறார். செயற்கைப் புல்லில் ஆடிய அணிகளில் சியாட்டில், போர்ட்லாண்ட், வான்கூவர் என்று மூன்று ஒரே மூலையில், அவர்களிடம் போவதென்றாலே பெரும்பாலோருக்குத் தூரப் பயணம். எதனால் எது என்று பிரிப்பது லேசில்லை.

சீசன்களையும் கலக்காதீர்கள். ஆட்டக்காரர் சங்கத்தோடு போட்ட 2020 ஒப்பந்தத்துக்கு முன்னால் ஒரு அணி ஒரு சீசனில் நான்கு ஒருவழிப் பயணத்துக்கு மேல் தனி விமானம் எடுக்கக் கூடாது என்று விதி இருந்தது, மற்றதெல்லாம் சாதாரணப் பயணிகள் விமானம்தான், ஆறடிக்கு மேல் இருக்கிற டிஃபென்டர் நடு சீட்டில் ஐந்து மணி நேரம். அதற்குப் பிறகு தனி விமானம் கூடியது. 2020-இல் கொரோனாவால் அநேகமாகக் கூட்டமே இல்லை, அதைத் தூக்கிவிடுங்கள். 2027-இல் இலையுதிர்-வசந்தக் காலத்துக்கு சீசனே மாறப் போகிறது, அதற்குப் பிறகு வெயில் கணக்கு எல்லாம் புதிதாக ஆரம்பிக்க வேண்டும்.

ஸ்காபரோ_ராசன்

டிசெம்பரில் ரொறன்ரோவில் உதைபந்தாட்டம். ஏரிக்காற்றுக்கும் ஒரு நிரல் சேருங்கோ தங்கச்சி.

இடது_பின்

சேர்க்கிறேன் அண்ணா :) உயரத்துக்கும் ஒன்று போடணும் இல்லையா? கொலராடோ மட்டும் போதுமா?

பெஞ்ச்சில்_இருப்பவன்

ரியல் சால்ட் லேக்கை மறக்காதீர்கள். கொலராடோ மைதானம் கிட்டத்தட்ட 1,580 மீட்டர், இவர்களுடையது 1,350 பக்கம். அங்கே போய் எழுபதாவது நிமிடத்துக்கு மேல் மூச்சு வாங்காத அணியை நான் பார்த்ததில்லை. கணக்கு என்ன சொல்கிறது என்று போட்டுவிட்டுச் சொல்லுங்கள், பார்ப்போம்.